ரயிலுக்கும் நிற்காத பாட்டு

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய மாடிவீடொன்றில் எனக்குப் பியானோ சொல்லித்தந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய தலைமயிர். கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றில் பாடகர் குழுவுக்கு வாசித்து வளர்ந்தவர். சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும், நான் தொட்ட பிழையான கட்டை எதுவென்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்.

நானோ பிழை விட்டதும் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். ஐம்பது வயதில் படிக்க வந்த வெட்கம். எந்தப் பாட்டையும் முடித்ததில்லை.

"பூசையில நீங்க பிழை விட்டா சனம் பாட்டை நிப்பாட்டுமா அக்கா? அது போய்க்கொண்டே இருக்கும். நீங்கதான் ஓடிப்போய்ப் பிடிக்க வேணும்," என்பார். அதனால் நான் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பாடுவார். எனக்காக ஒரு சொல்லுக்கும் நிற்கமாட்டார்.

ஒருநாள் பாதிப் பாட்டில் ரயில் வந்தது. யன்னல் அதிர்ந்தது. அவருடைய குரலும் கேட்கவில்லை, என் வாசிப்பும் கேட்கவில்லை. அவருடைய வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே வாசித்தேன். ரயில் கடந்துபோனபோது இருவரும் ஒரே வரியில் இருந்தோம். முதன்முறையாகக் கடைசிவரை வாசித்து முடித்தேன்.

"நடுவில பிழை விட்டனானா மிஸ்?"

"ஆருக்குத் தெரியும்? ரயில் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்ல அக்கா," என்று சிரித்தார்.

சமையலறையிலிருந்தே கேட்கிற காதுக்கு, பக்கத்தில் நின்று கேட்கவில்லையாம். இன்றுவரை நான் அதைப் பற்றித் திருப்பிக் கேட்கவில்லை. எந்தப் பாட்டையும் பாதியில் விட்டதுமில்லை.