உரிக்கிறவர்களுக்கான கோட்டு

முதலாளியின் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைக் கறுப்பாக்க, சித்தூரிலிருந்து திருப்பதிப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெயிண்ட் இல்லை, வேண்டாதபோது தோல்போல உரித்துவிடக்கூடிய ஸ்ப்ரே பூச்சு.

பூச்சு அடித்தவர் பிச்சாட்டூர்ப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். முகமூடியின் தழும்பு மூக்கின் இரண்டு பக்கமும் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு கோட்டுப் பூச்சும் காய்கிற நேரத்தைக் கணக்கிட அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு, சர்ச்சில் பாடும் கீர்த்தனைகள் இரண்டை எல்லாச் சரணங்களோடும் பாடுவார். பாடி முடித்ததும் அடுத்த கோட்டு.

நாலாவது கோட்டிலேயே மஞ்சள் அடியோடு மறைந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி இரண்டு கீர்த்தனை, மறுபடி ஒரு கோட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கலருதான் வந்துடுச்சேம்மா, இன்னும் எதுக்கு அடிச்சிக்கினு இருக்கீங்க?"

"கலருக்கு அதுவே போதும்ண்ணா. இப்ப அடிக்கிறது உரிக்கிறவங்களுக்கு. மெலிசா வுட்டா துண்டு துண்டா பிய்யும். பாவம், நகத்தால சொரண்டிக்கினு கெடப்பாங்க."

"நீங்கதானே உரிப்பீங்க?"

"யாரோ," என்று சொல்லி முகமூடியை மாட்டிக்கொண்டார்.

மறுவருடம் முதலாளிக்கு மஞ்சள்மேல் திரும்ப ஆசை வந்தது. "நீயே உரிச்சிடு" என்றார். அடியிலிருக்கும் பெயிண்ட்டும் சேர்ந்து வந்தால் என் வேலை போய்விடும். பானட்டின் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல, அத்தனை பெரிய பானட்டின் பூச்சும் ஒரே தோலாகக் கையோடு வந்தது. ஒரு கிழிசல் இல்லை. அடியில் புத்தம்புது மஞ்சள்.

அவர் சொன்ன யாரோ நான்தான். வார்த்தை தெரியாத அந்தக் கீர்த்தனைகளில் ஒன்றின் மெட்டை முனகிக்கொண்டே அடுத்து கதவுக்குப் போனேன்.