ஒன்பதில் முடிகிற டிக்கெட்

போன சனிக்கிழமை மத்தியானம், ஓசூரில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதையைச் சேர்ந்து நடத்திக்கொண்டு போகிற ரோல்ப்ளேயிங் கேம் ஆடுகிற கூட்டம் எங்களுடையது. அதன் விதிப் புத்தகம் திருத்தப்பட்டு வந்திருந்தது. பாதி விதிகள் மாறியிருந்தன. ஆனால் புதிய பதிப்பு என்று எங்கேயும் போடவில்லை. இது புதுப் பதிப்பா, பழையதின் திருத்தமா என்று மூன்று பேர் பஜ்ஜி ஆறிப்போகும் வரை சண்டை போட்டார்கள். கடைசியில், லிஸ்ட் போடுகிறவள் நீதானே, நீயே சொல் என்று என்னிடம் திரும்பினார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை பதில் சொல்லிவிட்டேன்.

சொன்னது காலேஜ் படிக்கும்போது, பஸ்ஸில். மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி போகும் தனியார் பஸ், காலேஜ் பாஸ் செல்லாத வண்டி. தோழிகள் மூன்று பேர்: நான் கம்ப்யூட்டர், மஞ்சுளா சிவில், ஜெசி எலக்ட்ரிக்கல். காலேஜில் ஆளுக்கொரு கட்டடம் என்பதால் பஸ்தான் எங்களுக்குப் பொது இடம். சீனியர் ஒருத்தி கொடுத்த ஜெராக்ஸ் புத்தகத்திலிருந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டோம். இருபது பக்கம் உள்ள பகடை என்று அதில் இருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்து நான் 'ஆறு' என்று திருத்தி வைத்தேன். ஆறு பக்கப் பகடையும் ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக்கடியில் உருண்டு போய்விடும். மஞ்சுளாதான் வழி சொன்னாள். டிக்கெட்டின் கடைசி எண். பூஜ்யம் என்றால் அடி, ஒன்பது என்றால் யோகம்.

அந்த டிக்கெட்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் மெல்லிய தாள், ரப்பர் பேண்ட் போட்ட கட்டு, கண்டக்டர் விரலில் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுப்பார். போக ஒன்று, வர ஒன்று. ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டே தடவைதான் அதிர்ஷ்டம் என்பதால் ஒரு சண்டை முடிய வாரக்கணக்கில் ஆகும். எல்லா டிக்கெட்டையும் நான் நீள நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வைத்தேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூவரின் பெயர், பதிவெண், ரத்த வகை எல்லாம் இருக்கிறது. ரத்த வகை எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ஆட்டத்தில் ஜெசியின் ஆள் நான்கு முறை செத்தான். பெயரை மாற்றி அதே ஆளை மறுபடி கொண்டுவருவாள். மஞ்சுளாவின் ஆள் தும்பி, பரிசல் ஓட்டுகிறவள். முதலையை வென்று, வெள்ளத்தைத் தாண்டி, பதினோராவது நிலைக்குப் போயிருந்தாள். மஞ்சுளாவுக்குக் கணக்கில் இரண்டு அரியர். எங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்டத்தை, மாற்றிவிட்டது. பாடம் பாதி அதேதான், பெயர் வேறு, தாள் வேறு. அவளோடு உட்கார்ந்து அந்தப் பழைய தாளைப் படிக்க ஆள் இல்லை. அவள் பாஸானது தும்பியாக மட்டும்தான்.

மூன்றாம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல், நோட்டில் யாருக்கு எந்த எண் எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணினேன். மஞ்சுளாவின் வரிசையில் எட்டும் ஒன்பதும் குவிந்து கிடந்தன. மறுநாளிலிருந்து கவனித்தேன். கண்டக்டர் நெருங்கும்போது, முன்னால் வாங்கியவரின் டிக்கெட்டை எட்டிப் பார்ப்பாள். உதடு அசையும். பிறகு கூடையோடு நிற்கும் யாருக்காவது தன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், சரியாக எத்தனை பேருக்கு அப்புறம் நிற்க வேண்டுமோ அங்கே நின்றுகொள்வாள். 'நல்ல மனசு இந்தப் புள்ளைக்கு' என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு ஒன்பதுக்காக அவள் தர்மபுரி வரை நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கணக்கில் அரியர் வைத்தவள் அதையெல்லாம் மனக்கணக்காகவே போட்டிருக்கிறாள்.

ஏமாற்றினாயா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் விதியை மாற்றினேன். இனி டிக்கெட்டின் எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். புது நோட்டு வாங்கி, அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்று நிதானமாக எழுதினேன். பழைய நோட்டில் விளையாட்டாக நானே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். புதுப் பதிப்பு வந்தால் பழைய ஆட்கள் செல்லாது, எல்லோரும் முதல் நிலையிலிருந்து.

பாலக்கோட்டில் தக்காளிக் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசனை. மஞ்சுளா அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திருத்தம்னு போட்டுடு புள்ள. புதுசுன்னு போடாத."

"ரூலே மாறிடுச்சில்ல. அப்ப புதுசுதான்."

"ஒரு ரூலுதான மாத்தன? தும்பி இருந்துட்டுப் போறா."

நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அவள் சிரித்தாள். "சரி வுடு. நான் எங்க போனாலும் பழைய ரெகுலேஷன்தான்."

அடுத்த நாளிலிருந்து அவள் முந்தைய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். காலேஜில் பார்த்தால் சிரிப்பாள். நிற்க மாட்டாள். இரண்டு அரியரோடு, டிகிரி இல்லாமல் வெளியே போனாள். புது நோட்டில் முதல் பக்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

இப்போது நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், சனிக்கிழமை அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஜெசி சென்னையிலிருந்து ஒரு அறிவிப்பை அனுப்பினாள். பழைய ரெகுலேஷனில் அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு. இனி கிடையாது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை நேரம்.

மஞ்சுளாவின் பதிவெண் என் நோட்டில் இருக்கிறது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கடைசியில் ஓடிபி அவளுடைய பழைய நம்பருக்குப் போனது. அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ஜெசி தேடிப் பிடித்த இன்னொரு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். நான்கு வரை அடித்துவிட்டேன். ஐந்து என்று எழுதிய இடத்தில் எதுவும் தோன்றவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டு மாரண்டஹள்ளிக்கு வந்து, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவள் ஊருக்கு ஆட்டோவில் போனேன். அவள் வீட்டில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"அவிங்க வூட்ட குடுத்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சிங்க" என்றார் பெட்டி அடுக்கியவர். "ஆனேக்கல் பக்கம்னாங்க. அத்திப்பள்ளியோ என்னமோ. நீங்க யாருங்க அந்தப் புள்ளைக்கு?"

கூடப் படித்தவள் என்றேன். அத்திப்பள்ளி, ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையைத் தாண்டினால் வந்துவிடும்.

காலேஜ் ஆபீஸுக்குப் போன் செய்தால், கேண்டிடேட் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் வாங்க மாட்டோம் என்றார்கள். தெரிந்தும், பிரிண்ட் எடுத்த விண்ணப்பத்தோடு தர்மபுரி பஸ்ஸில் ஏறினேன். சீட் கிடைத்தது. கூடையோடு நின்ற ஒரு அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கண்டக்டர் மெஷினைத் தட்டி டிக்கெட்டை நீட்டினார். நீளமாக ஏதோ எண்கள். எது டிக்கெட் நம்பர் என்றே தெரியவில்லை. இந்தத் தாளில் எழுத்தும் சில மாதத்தில் வெளுத்துவிடும். பழைய நோட்டில் ஒட்டிய அவளுடைய ஒன்பதுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

பையிலிருந்து புது நோட்டை எடுத்து, அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்பதை அடித்துத் 'திருத்தம்' என்று எழுதினேன். பஸ் குலுங்கி எழுத்து கோணிக்கொண்டது. பாலக்கோட்டில் தக்காளி வண்டிகளுக்கு நடுவில் மாட்டி நின்றபோது மணி ஐந்து. செய்தி இன்னும் ஒற்றை டிக்தான். அதே புளிப்பு வாசனை. உதடு அசைய எண்ணுகிறவர் அந்த பஸ்ஸில் யாரும் இல்லை. எண்ணுவதற்கு டிக்கெட் கட்டும் இல்லை.