ஓட்டைக் காலணாவின் சிவப்பு

எண்பதுகளின் நடுவில் என்னிடம் இருநூற்றுப் பதினேழு செப்புக் காசுகள் இருந்தன. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் பிஸ்கட் டப்பாக்கள், ஐந்து. காசு சேர்ப்பவர்கள் பொதுவாக வருடத்தைப் பார்ப்பார்கள், ராஜாவின் தலையைப் பார்ப்பார்கள். நான் நிறம் பார்த்தேன். டப்பாக்களும் நிறவாரியாகத்தான் இருந்தன. புளியங்கொட்டை நிறம் ஒன்று, காப்பித்தூள் நிறம் ஒன்று, செங்கல் நிறம் ஒன்று, கறுப்பு ஒன்று. ஐந்தாவது பச்சை. அதாவது களிம்பு பிடித்தவை.

எனக்குப் பிடித்தது புளியங்கொட்டை. இரண்டு பக்கமும் ஒரே சீராக, ஓரத்தில்கூட மாறாமல் இருக்க வேண்டும். ஐம்பது வருடம் யார் யார் மடியிலோ கிடந்து தானாக வந்த நிறம் அது. இனிமேல் மாறாது. அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். சிவப்பு அப்படியில்லை. சிவப்பான காசை வெறும் விரலால் தொட்டால் சில நாளில் அந்த விரல் ரேகை கறுப்பாக எழுந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டிருப்பது, தூங்குகிற குழந்தையைக் கட்டில் ஓரத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவது போல. பச்சையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களிம்பு ஒரு காசிலிருந்து இன்னொரு காசுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். ஐந்தாவது டப்பாவை மற்ற நான்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். அதைத் தொட்டால் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுவேன்.

தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. வரும் சாமான்களை அளந்து, எண்ணி, எழுத வேண்டும். முலாம் பூசும் பிரிவில் ஒரு நண்பர் இருந்தார். பருத்திப்பட்டுப் பக்கம் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை விற்றபோது பரணிலிருந்து ஒரு சுருக்குப்பை நிறையக் காசு கிடைத்ததாம். அப்படித்தான் அவரும் சேர்க்க ஆரம்பித்தார். அவருக்குச் சிவப்புதான் வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டைதான்.

"சார், உன் காசெல்லாம் குளிக்காத காசு. அழுக்கப் போயி அழகுன்றியே."

"அழுக்கு இல்லய்யா, அது வயசு."

"வயசுன்னா? வயசானா குளிக்கக் கூடாதா? எங்க ஊட்டாண்ட இதச் சொல்லாத, கெய்வனுங்க எல்லாம் கெட்டுப் பூடுவானுங்க."

அந்தச் சமயம் என் ஓட்டைக் காலணாக்களில் ஒன்றில் பச்சைப் புள்ளி கண்டேன். நடுவில் பெரிய துளையோடு, யுத்த காலத்தில் அடித்த மெல்லிய காசு. அந்த இனத்தில் என்னிடம் பதின்மூன்று இருந்தன. முதல் நாள் மூன்று புள்ளி. ஒரு வாரத்தில் ஏழு. மற்றப் பன்னிரண்டுக்கும் பரவிவிடும் என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நண்பரிடம் சொன்னேன்.

"எடுத்துனு வா சார். ஆசிட்ல ஒரு முக்கு. களிம்பு ஓடிப் பூடும்."

மறுநாள் காலையில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் அவரிடம் கொடுத்தேன். உலோகத்தில் எதைக் கொண்டுபோனாலும் வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். டிபன் பாக்ஸ், கைக்கடிகாரம், சில்லறை மட்டும் விலக்கு. இதுவும் காசுதானே என்று எழுதவில்லை. பன்னிரண்டு வருட சர்வீஸில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அது.

மதியம் நண்பர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். அறுத்த பீட்ரூட் போல ஒரே பளபளப்பு. களிம்பு போயிருந்தது. எழுத்தும் முக்கால்வாசி போயிருந்தது. ஆசிட்டில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்துவிட்டதாம்.

"எப்டி கீது? பொண்ணு பாக்கப் போற மாரி கீதில்ல?" என்றார்.

மாலையில் வாசலில் வரிசை. அந்த மாதம் ஸ்டோரில் நாற்பது செம்பு வாஷர் குறைந்திருந்ததால் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். எண்ணெய்க் குழாய்களை இணைக்கும் இடத்தில் வைக்கிற வாஷர். கட்டைவிரல் நுனி அகலம், நடுவில் துளை, சிவப்பு. வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தபோதுதான் என் பையில் இருப்பது எதைப் போல இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. திரும்பி உள்ளே போகலாமா என்று நினைத்தேன். திரும்பினால் ஓடுகிறான் என்பார்கள். எட்டு, ஏழு என்று முன்னால் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

காவலாளி காகிதத்தைப் பிரித்தார்.

"இன்னா சார் இது?"

"காசு. ஓட்டைக் காலணா."

"ஓட்டைக் காலணா எனக்குந் தெரியும் சார். எங்க நைனா அரைஞாண்ல கட்டிகினு இருந்தாரு. கறுப்பா கெடக்கும். இது இன்னா நேத்து அடிச்ச மாரி கீது?"

பின்னாலிருந்து யாரோ, "அண்ணாத்தே, உள்ளாறவே காசு அடிக்கிறாங்களா? சம்பளத்த இதுலயே குடுக்கச் சொல்லு" என்றார். வரிசை சிரித்தது.

பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குக் கொண்டுபோனார்கள். ராணுவத்தில் இருந்து வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"எந்தப் பிரிவு?"

"தரச் சோதனை சார்."

"என்ன வேலை?"

"எண்ணிக்கை."

"எதோட எண்ணிக்கை?"

"போல்ட், நட்... வாஷர் சார்."

அவர் ஸ்டோரிலிருந்து ஒரு வாஷரை வரவழைத்தார். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அகலத்தில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். காலையில் காசாக உள்ளே போனது மாலையில் வாஷராக வெளியே வந்துவிட்டது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவகாசம் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போட்டது.

அவர் காசை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "ஏதோ கிரீடம் மாதிரி லேசாத் தெரியுது."

"ஆமா சார், கிரீடம்தான் சார்."

"சரி, காசுன்னே வெச்சுக்குவோம். எப்படி இவ்வளவு சிவப்பாச்சு?"

உண்மையைச் சொன்னால் நான் தப்பிவிடலாம். ஆனால் சொந்த வேலைக்குத் தொழிற்சாலை ஆசிட்டைத் தொடுவது குற்றம். முந்தின வருடம் ஊர்க் கோயில் மணியைக் கொண்டுவந்து மெருகேற்றிய ஒருவரை ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நண்பருக்கு மூன்று பெண்கள்.

"வீட்டுல புளி போட்டுத் தேய்ச்சது சார்," என்றேன்.

"புளியா?"

"புளி சார். பத்து நிமிஷம்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு இன்னொண்ணைப் புளி போட்டுத் தேய்ச்சு, இதே நிறத்துல கொண்டாங்க. பக்கத்துல வெச்சுப் பாப்போம். அது வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். ரிப்போர்ட்டும் எழுதல."

வாசலிலிருந்து என் வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி. அன்று எண்ணிக்கை நடுவில் எங்கேயோ விட்டுப்போயிற்று.

சட்டையைக்கூடக் கழற்றாமல் புளியைக் கரைத்தேன். மீதி இருந்த பன்னிரண்டு ஓட்டைக் காலணாக்களில் சுமாரான ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். மேடெல்லாம் வெளுத்தது, பள்ளத்தில் கறுப்பு நின்றது. எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வேறு நாளாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இரண்டாவதற்கு உப்புச் சேர்த்தேன். மூன்றாவதை எலுமிச்சம் பழத்தில் ஊறவைத்தேன். நான்காவதைச் செங்கல் பொடியால் தேய்த்துக் கீறிவிட்டேன். எதிலும் கறுப்பு முழுதாகப் போகவில்லை. நான்கு காசு நாசம்.

மனைவி பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒரு துளி கறுப்பு இல்லாம முழுச் சிவப்பா வேணும். புளியில."

"புளியில அப்படி வராது. செப்புக்குடத்துக் கழுத்து மடிப்புல எத்தனை தேய்ச்சாலும் கறுப்பு நிக்கும். பாத்திரம் தேய்க்கிற எவளக் கேட்டாலும் சொல்லுவா." கிண்ணத்தைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். "யார்கிட்ட என்ன பொய் சொல்லிட்டு வந்தீங்க?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கிறதுலயே தேய்ஞ்சது எது? பள்ளமே இல்லாததாக் குடுங்க. பள்ளம் இருந்தாத்தானே கறுப்பு நிக்கும்."

எனக்கு இது தோன்றவேயில்லை. ஆனால் பள்ளமில்லாமல் தேய்ந்த காசுதான் ஒரே சீராக நிறம் பிடித்திருக்கும். அப்படி ஒன்று இருந்தது. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு அருகில் பழைய சாமான் விற்பவரிடம், கூறிலிருந்து பொறுக்கியது. புளியங்கொட்டை டப்பாவில் அதை எப்போதும் மேலாக வைத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் உப்பும் புளியும் பூசி ஊறவைத்து, தேங்காய் நாரை நுனி பிரித்துத் துளையின் உள்விளிம்பு வரை தேய்த்தாள். நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் சோர்ந்த சிவப்பு.

மறுநாள் காலை பதிவேட்டில் "பழைய காசு, ஒன்று" என்று எழுதிவிட்டு அதிகாரியின் முன்னால் நின்றேன். அவர் இரண்டையும் கைக்குட்டை மேல் வைத்தார்.

"இது மங்கலா இருக்கே."

"காத்துப் பட்டா மங்கிடும் சார்," என்று அவசரமாகச் சொன்னேன்.

"அப்ப மொதல்ல தேய்ச்சதுதானே அதிகமா மங்கியிருக்கணும்?"

அவர் பின்னால் இருந்த அலமாரியில் கோப்புகள் இருபத்தாறு. நான் எண்ணி முடித்தேன். கடைசியில் அவர் பளபளப்பான காசை என் பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க. மத்தது என்கிட்ட இருக்கட்டும். எங்க வீட்டம்மாகிட்டக் காட்டணும்."

அறையை விட்டு வெளியே வந்தும் எனக்கு நிம்மதி இல்லை. அவர் மனைவி பாத்திரம் தேய்க்காதவரா? புளியில் இதற்கு மேல் சிவப்பு வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றிலிருந்து என் பெயரைச் சொல்லி ப்யூன் கூப்பிட்டாலே அந்தக் காசு விஷயம்தான் என்று நினைப்பேன். நண்பரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் யாரிடமாவது உளறிவிடுவார் என்று அதற்கும் பயம். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. நாற்பது வாஷரும் எண்ணாமல் விட்ட ஒரு பெட்டியில் கிடந்தது தெரிந்த பிறகும் என் பயம் போகவில்லை. வாஷர் கிடைத்துவிட்டது, பொய் அப்படியேதானே இருந்தது.

அதிகாரி ஓய்வு பெற்ற அன்று, வாசலில் மாலை போட்டு வழியனுப்பிய பிறகு, நண்பரை டீக்கடைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் நீ. உன்ன உள்ள இட்டுனு போனாங்கன்னு தெரிஞ்சதுமே அன்னிக்கே அவரான்ட போயி, நான்தான் முக்குனேன்னு சொல்லிட்டேனே."

"அன்னிக்கா? எப்போ?"

"நீ ஊட்டுக்குப் போன கையோட. கன்னாபின்னான்னு திட்டுனாரு. இனிமே ஆசிட் பக்கம் சொந்த வேல வெச்சுகினு வராதன்னு கையெழுத்து வாங்கினாரு. உட்டுட்டாரு."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கும் பயப்படுவ."

டீ ஆறியது. மறுநாள் காலையில் நான் இரண்டாவது காசோடு அந்த மேஜை முன்னால் நின்றபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புளி, பத்து நிமிடம், காற்றுப் பட்டால் மங்கிவிடும் என்று நான் சொன்ன ஒவ்வொன்றையும் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், வேலை நாள் தோறும், வாசலில் அவருக்கு வணக்கம் வைத்திருக்கிறேன். விடுமுறையெல்லாம் கழித்து ஐந்நூற்று எழுபதுக்குக் குறையாது. ஒன்றுக்குக்கூட அவர் பதில் வணக்கம் வைக்காமல் இருந்ததில்லை. அதை நினைத்ததும் எனக்கு மறுபடியும் வியர்க்க ஆரம்பித்தது.

"இன்னா சார், இப்ப இன்னாத்துக்கு?" என்றார் நண்பர்.