மேருவுக்குப் போய்ச் சேராத கார்

என் தங்கை கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கிறாள், நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். அவள் கணவருக்குச் சரவாக் கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. முதல் குழந்தை. அவர் திரும்பி வரும் வாரத்தில்தான் பிரசவம் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்கூட்டியே வலி வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும், நான் ஒரு மணி நேரத்தில் வந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் என்று சொன்னது நான்தான்.

பிரசவத்துக்கு முந்தைய மாதமே செந்தூலில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் குழாயை, அந்த மேல் ஹோஸை, விரல்களால் அழுத்திக் காட்டினார். இன்ஜின் ஆறியிருந்தும், கிளிப் பிடித்திருந்த இடத்துக்கு அருகே ரப்பர் உப்பி, அழுகிய பழம் போல மெத்தென்று இருந்தது. இது ரொம்ப நாள் தாங்காது, நாளைக்குக் காரை விட்டுவிட்டுப் போங்கள், மேல் கீழ் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். நாளைக்கு முடியாது என்றேன். அடுத்த வாரமும் முடியவில்லை. உண்மையில் எனக்கு ஒரு நாள்கூடக் கார் இல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தங்கை எப்போது கூப்பிடுவாளோ என்று இருந்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தபோதெல்லாம் ஊற்றி மூடினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. பையை எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். நான் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

பெட்டாலிங் ஜெயாவில் நெரிசல். முன்னால் இருந்த காரை ஒட்டி ஒட்டிப் போனேன், லேன் மாறினேன், மறுபடி மாறினேன். ஷா ஆலம் தாண்டியதும் சாலை திறந்தது, மிதித்தேன். சிறிது தூரத்தில் ஏர்கான் வழியாக ஓர் இனிப்பு வாசனை வந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பிக் கண்ணாடி மறைந்தது. சூட்டைக் காட்டும் ஊசி உச்சியில் நின்றது. எமர்ஜென்சி லேனில் ஒதுக்கி இன்ஜினை அணைத்தேன். அடியில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பானட்டைத் திறந்தேன். துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தபோது பின்னால் ஒரு லோரி நின்றது. ஓட்டியவர் தமிழர், என்னைவிட இளையவர்.

"இப்பத் தொறக்காதீங்கக்கா. மூஞ்சில அடிச்சிரும்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அரை மணி நேரமாவது ஆறட்டும் என்றார். என் தங்கைக்கு வலி வந்துவிட்டது என்றேன். அவர் ஒரு கணம் என்னையும் காரையும் பார்த்தார்.

"அவசரப்பட்டா இன்ஜினும் போயிரும். தங்கச்சிக்கு முதல்ல போன் பண்ணுங்க."

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. கூப்பிட்டதும் விஷயத்தைச் சொல்லாமல் டிராபிக் என்று தொடங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "கார் நின்னுருச்சாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த அரை மணி நேரத்தில் காரைச் சுற்றி எத்தனை முறை நடந்திருப்பேன் என்று தெரியாது. லோரிக்காரர் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றார். உட்காருங்கள் என்று ஒரு முறை சொன்னார், பிறகு விட்டுவிட்டார். ஆறியதும் ஹோஸைக் கழற்றினார். நுனியில்தான் கிழிந்திருந்தது. கத்தியால் அந்த இரண்டு விரற்கடையை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை இழுத்து மாட்டி, கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினார். தன் லோரியில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார்.

"இது கிள்ளான் போறதுக்கு மட்டுந்தான். ஏர்கான் போடாதீங்க. ஊசி பாதிக்கு மேல போனா நிறுத்திடுங்க."

நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சாலையைவிட ஊசியையே அதிகம் பார்த்துக்கொண்டு, மெதுவாக நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று நர்ஸ் சொன்னார். நான் அவளுடைய சொந்த அக்கா என்றேன். நர்ஸ் தலையாட்டிவிட்டு அதையே மறுபடி சொன்னார். தாழ்வாரத்தில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்குமாக நடந்தேன். சுடிதாரில் கூலன்ட் காய்ந்து பிசுபிசுத்தது. சரவாக்கிலிருந்து மாப்பிள்ளை இரண்டு முறை கூப்பிட்டார். என்னை உள்ளே விடவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் வெளியே வந்தவர் அந்த மலாய்க்கார அக்காதான். முகம் வியர்த்திருந்தது. என் கையைப் பிடித்து, இருவரும் நலம் என்று மலாயில் சொன்னார். அவர் மணிக்கட்டில் நகம் பதிந்த தடங்கள் இருந்தன. என் தங்கையின் நகங்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மெக்கானிக் சொல்லியும் மாற்றாமல் விட்டதையும். குழந்தையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"கோவம் இல்லக்கா. ஆனா ரொம்பப் பயந்துட்டேன்."

மறுநாள் கிள்ளானிலேயே ஒரு வொர்க்‌ஷாப்பில் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள் எல்லாவற்றையும் மாற்றினேன். பழையதை வளைத்துக் காட்டினார்கள்; உள்பக்கம் முழுக்க வெடிப்பு. முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். இப்போது ஞாயிறு காலைகளில் பானட்டைத் திறந்து, இரண்டு ஹோஸையும் அழுத்திப் பார்க்கிறேன். அப்படியும் ஓட்டும்போது கண் ஊசிக்குப் போய்விடுகிறது.

குழந்தைக்கு இரண்டு மாதத் தடுப்பூசி போட வேண்டிய நாளை நான் கேலண்டரில் குறித்து வைத்திருந்தேன். தங்கை என்னைக் கூப்பிடவில்லை. கிளினிக்கில் அந்த அக்காவின் மடியில் குழந்தை அழும் போட்டோ மட்டும் வந்தது. அன்றைக்கு முழுவதும் வேலையில் மனம் நிற்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, அடுத்த ஊசிக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"வாக்கா. ஆனா முந்துன நாளே வந்துரு."

முந்தின நாளே போனேன்.