ஒரு கல்லை அளந்தேன்

பதினெட்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். அதனால்தான் சாம்பல்தீவில் வீடு கட்டத் தொடங்கியபோது, எத்தனை செங்கல் வேண்டுமென்று மேசனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சூளையிலிருந்து மாதிரிக்கு வந்த கற்களில் நல்லதாக ஒன்றை எடுத்து அளந்தேன். சுவரின் பரப்பில் கதவு, ஜன்னலைக் கழித்துக் கணக்குப் போட்டேன். ஆறாயிரத்து இருநூறு.

கிண்ணியாவிலிருந்து வந்த மேசனை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் தாளைப் பார்க்கவேயில்லை.

"ஒரு கல்ல அளந்து என்னத்தக் காணப்போறீங்க ரீச்சர்? சூளையில ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிச் சுருங்கும். பத்துக் கல்ல வரிசையா வெச்சு அளங்க. உடையிறதையும் சேருங்க. ஏழாயிரம் வேணும்."

"நான் படிப்பிக்கிறதே கணக்குத்தான், நானா."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாயிரத்து இருநூற்றுக்கு மேல் ஒரு கல்கூட எடுக்கவில்லை.

நானும் மகளும் அப்போது காணி மூலையில் தகரக் கொட்டிலில் இருந்தோம். அவளுக்கு அடுத்த வருடம் உயர்தரச் சோதனை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை தருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த அறைச் சுவர் எழும்பிய அன்றே, மேசையை எங்கே போடுவது என்று அவள் நிலத்தில் சோக்கால் கோடு கீறிவிட்டாள்.

ஐப்பசி பிறந்தது. கூரை போடுபவர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. கடல் பக்கத்தில் கூரையைத் தாங்க வேண்டிய முகட்டுச் சுவர் பாதியில் நிற்க, கல் முடிந்துபோனது. சூளைக்குப் போன் எடுத்தேன். அங்கே மழை தொடங்கிவிட்டதாம், இனித் தைக்குப் பிறகுதானாம். எங்கள் பக்கமும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சீமெந்து புளொக் கல் வைப்பமா நானா?"

"இந்த மெல்லிய சுவருக்கு மேல அது குந்தாது ரீச்சர். காத்துக்குச் சரிஞ்சிரும்."

அவர் வீட்டுக்குள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். மகளின் அறைச் சுவர் கட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது; சாந்து இன்னும் சரியாக இறுகவில்லை.

சூளைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு மீசை இல்லை. இருந்திருந்தால் அதில் மண் ஒட்டியிருக்காது. நானா சுத்தியலை எடுத்தார். கழன்று வந்த கல்லில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டிச் சுரண்டி நான் நீட்டினேன்.

மகள் ரியூசன் வகுப்பு முடிந்து வந்தபோது முகட்டுச் சுவர் முடிந்திருந்தது. அறைச் சுவர் இருந்த இடத்தில் ஒரு வரி கல்லும் இல்லை.

"சூளைக்காரன் சின்னக் கல்லாக் குடுத்து ஏமாத்திப்போட்டான் பிள்ளை. தைக்குப் பிறகு கட்டுவம்."

அவள் புத்தகப் பையை இறக்கவில்லை.

"நானா ஏழாயிரம் எண்டு சொல்லேக்க நானும் பக்கத்திலதானம்மா நிண்டனான். அவர் சொன்னது சரியெண்டு எனக்கு அப்பவே விளங்கினது."

"அப்ப ஏன் நீ வாய் திறக்கேல்ல?" என்று கத்திவிட்டேன்.

"உங்களுக்கு ஆரம்மா சொல்லுறது?" என்றாள்.