குருவி வீட்டில் கேட்ட தாலாட்டு

எனக்கு அப்போது ஏழு வயது. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களை அழித்துப் பாமாயில் எடுக்கும் செம்பனை போட்டிருந்த ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்ட கட்டடம் சும்மா நின்றது. அம்மாவின் தம்பியான மாமா அதை வாலிட் குருவி வீடாக்கினார். அந்தக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள்.

எந்தச் சாமானையும் அது செய்யப்பட்ட வேலையோடு விட்டுவைக்க மாமாவுக்கு மனம் வராது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்ட ஒலிபெருக்கிகளை உள்ளே மாட்டிப் பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஓடவிட்டார். குருவிகளும் நம்பி வந்தன. அடிக்கடி உள்ளே போனால் அவை மிரளும் என்பதால் எங்கள் பேபி மானிட்டரைக் கேட்டார். குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்பதற்காக, தங்கை பிறக்கும் முன்பே அப்பா வாங்கியது. தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை.

“பெட்டியில சும்மாதானே கெடக்குது அக்கா. குஞ்சு கத்துனா கேக்கும் லா,” என்றார் மாமா.

அம்மா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு பாதி குருவி வீட்டில், மறுபாதி எங்கள் சமையலறையில். அன்றிலிருந்து அம்மா அதன் பக்கத்திலேயே இருந்தார். சத்தம் கேட்காமல் போய்விடும் என்று குழம்பு தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம் பள்ளிவிட்டு வந்தபோது அம்மாவைக் காணோம். இடி இடித்துக் கரண்ட் போனது. குருவிச் சத்தம் சட்டென்று நின்றது. பேட்டரியில் ஓடிய மானிட்டரில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெல்லத் தட்டும் ஓசை. பிறகு தாழ்ந்த குரலில், “ஆராரோ...” அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அதனால் அது அம்மா என்று எனக்குத் தோன்றவில்லை.

மழையில் ஓடிப்போய், முன்வீட்டிலிருந்த மாமாவை இழுத்து வந்தேன். கதவைத் திறந்து டார்ச் அடித்தார். ஈரத் தரையில் கால் நீட்டி அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில், துண்டில் சுற்றிய மானிட்டரின் அந்தப் பாதி. மேலே இருட்டுக்குள் குருவிகள் டிக்டிக்கென்று ஒலியெழுப்பிப் பறந்தன.

“மெதுவா வா தம்பி. இப்பதான் கண்ணசந்துச்சு.”

மாமா டார்ச்சைத் தாழ்த்தினார். “வீட்டுக்குப் போலாம் அக்கா,” என்றவர் மானிட்டரைப் பிடுங்கவில்லை. அம்மா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தார்.

மறுநாள் காலை, “தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க மச்சான்,” என்றார் மாமா. அப்பா கார் சாவியை எடுத்தார்.

நான் குதித்தேன். அந்த ஊரில் இருப்பது மனநோய் ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது; ரம்புத்தான் பழத்தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். “நானும் வாரேன்! எனக்கும் ரம்புத்தான் வேணும்!”

யாரும் திட்டவில்லை. அம்மா மட்டும், “நிறைய கொண்டாரேன்,” என்று மானிட்டரோடு காரில் ஏறினார். கார் செம்பனைகளுக்குள் மறையும்வரை எங்கள் சமையலறையில் தாலாட்டு கேட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

மூன்று வாரம் கழித்து, முகம் உப்பி, பேச்சு மெதுவாகி அம்மா திரும்பி வந்தார். என்னைக் கட்டிக்கொள்ளக் குனிந்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். ஒரு பழம்கூட இல்லை. அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.