தூங்கவிடாத டிரைவர்

ட்ரைகோ பாதி வழியில் வேனை ஓரங்கட்டிவிட்டுப் பின்பக்கம் போகிறார். கடைசி இருக்கையில் ஒரு பையன் கண்ணயர்ந்திருக்கிறான். தோளைப் பிடித்து உலுக்குகிறார். “எந்திரிடா. உம் பேரு என்ன, சொல்லு.”

“தர்பூசணி, மாமா.”

வேன் முழுக்கச் சிரிப்பு. அவர் மட்டும் சிரிப்பதில்லை. நிஜப் பெயர் வாயில் வந்து, தண்ணீர் தொண்டையில் இறங்கும்வரை வண்டி நகராது.

ஸ்கோப்யே நகரில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் கழகம் ஒன்றின் வேன் டிரைவர் அவர். கனத்த உடம்பு. காதில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட் ஒன்று. மைதானத்தில் இறங்கியதும் ஓடுதளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். “சாஷோ, இதுல முட்டை பொரிக்கலாம்டா. வெயில் கொஞ்சம் சாயட்டும்.” பயிற்சியாளர் சாஷோவுக்கு எரிச்சல் வரும். “அண்ணே, நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க. ஓட்டத்த நான் பாத்துக்கிறேன்.”

இந்த ஊர்க்காரர்கள் வெயிலுக்குப் பயப்படுவதைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். மூன்று கோடைக்கு முன் ஒருநாள், மகன் ஓக்னெனை ஏற்றிவிட வந்த லென்சேயும் படித்துப் படித்துச் சொன்னாள்: “வரும்போது கண்ணாடிய ஏத்திடுங்க. வேர்த்த ஒடம்புல காத்து பட்டா நெஞ்சு கட்டிக்கும்.” ட்ரைகோவும் அதைக் கேட்டே வளர்ந்தவர். அன்று குப்பைமேடு எரிந்த புகை வேறு. திரும்பும்போது எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினார். வேனில் ஏசி செத்துப் பல நாளாகியிருந்தது. ஓக்னென் கடைசி இருக்கையில் சாய்ந்தான். “ஓடின களைப்பு, தூங்கட்டும். சத்தம் போடாதீங்க,” என்று மற்றவர்களை அதட்டி, பாட்டையும் நிறுத்தினார். வீட்டு வாசலில் எழுப்பியபோது பையன் எழவில்லை. மருத்துவமனையிலும் எழவில்லை.

லென்சே அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரை அரிக்கிறது. “திட்டினா வாங்கிக்கலாம். என்னைக் கண்டா வேற தெருவுல போயிடுறா. நீதானே ஏத்தச் சொன்னேன்னு நான் சொல்லுவேன்னு பயப்படுறாளோ என்னவோ. சொல்லுவனா? ஏத்தினது நான்தானே,” என்பார்.

நேற்று அவளே வந்தாள், இளையவள் கலினாவுடன். “இவளும் ஓடணுங்கிறா. உங்க வண்டின்னா அனுப்புறேன்,” என்றாள், தரையைப் பார்த்தபடி. பாவம், மனிதர் இத்தனை நாளும் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். கலினா அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் குப்பைமேடு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. அனல் முகத்தில் அடித்தது, தொண்டை கரகரத்தது. “கெளம்புங்கண்ணே, ஞாயித்துக்கெழம போட்டி!” என்று சாஷோ கத்தினார்.

“கண்ணாடிய எறக்கினா பொகை, ஏத்தினா வேக்காடு. அங்க போனாலும் இதே காத்தத்தான் குடிச்சுக்கிட்டு ஓடணும். நான் வண்டிய எடுக்க மாட்டேன்.”

“ஏன், எம் புள்ளைய ஏத்திக்கப் பிடிக்கலியா?” என்றாள் லென்சே.

“இன்னிக்கு வேண்டாம்மா.” இனி ஒருமுறை அவள் இப்படி வந்து நிற்பாளா, தெரியாது. கலினாவைக் கைபிடித்து இறக்கினார். அவளுடைய பையை எடுத்து லென்சேயின் தோளில் மாட்டிவிட்டார்.